யானை வீட்டுப் பெண்

சோலோட்ஷோ
10 மே 1992

அன்புள்ள பாபாகசி,

நீங்கள் நலமென்றால் நாங்களும் நலம். உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி, மாமாவின் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உங்கள் தம்பி முசா ஜோபர்க் சுரங்கத்திலிருந்து எழுதி மாதக்கணக்காகிறது. பூமிக்கு அடியில் காகிதம் விற்பதில்லை போலிருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "என் தம்பி பொண்டாட்டி நீ, எம் மருமக்க மாதிரி நீயும் பாபாகசிங்கிறியே" என்று கேலி செய்தீர்கள். அப்பாவோடு பிறந்தவள் பெண்ணாய்ப் பிறந்த அப்பா என்றுதானே அந்தச் சொல்லுக்குப் பொருள்? முசா இல்லாத வீட்டில் அப்பா என்று சொல்லிக்கொள்ள நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். அதனால் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சோளம் மொத்தமும் போயிற்று. முழங்கால் உயரத்துக்கு வந்து அப்படியே நின்று காய்ந்தது. மாடுகள் ஒவ்வொன்றாய் விழுகின்றன. காட்டுக்குள் குட்டைகள் வற்றிவிட்டதால் யானைகள் நம் அடிகுழாய்வரை வருகின்றன.

உங்கள் துலா வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். வாய் அப்படியே உங்கள் வாய். குழாயடியில் பக்கத்து வீட்டு மாமோயோவின் பையன், "உங்கப்பன் யாருடி?" என்று கேட்டிருக்கிறான். "யானைடா. அதோ தண்ணி குடிக்க வர்றாரு பாரு, போய் நீயே கேட்டுக்க" என்றாளாம். அவன் வாளியைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். ஊரெல்லாம் சிரிப்பு.

என் தபெலோவும் சின்னவள் சிபோவும் சுகம். முடிந்தால் கொஞ்சம் சோளமாவு அனுப்புங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி,
எஸ்நாத்


புலவாயோ
31 மே 1992

மாசிபண்டாவுக்கு,

சிங்க வீட்டிலிருந்து வந்த எங்கள் மருமகளே, நீ நலமென்றால் நானும் நலம். கேட்கக் கூச்சமாம்! என் பெண்ணை நீ வளர்க்கிறாய், மாவு கேட்க உனக்கென்ன கூச்சம்?

இங்கே கடை திறக்குமுன்பே வரிசை தெருமுனை தாண்டிவிடுகிறது. ஆளுக்கு ஒரு சின்னப் பைதான். முதலாளியம்மா வீட்டில் நாய்களுக்கு வேகவைக்கிற மாவைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த அம்மா மனசு வந்து ஒரு பை தந்தாள். அதையும் நான் வாங்கியதையும் சேர்த்துக் கட்டி, நம் ஊர் பஸ் நடத்துநர் கையில் கொடுத்திருக்கிறேன். மூட்டையின் மேல் அப்பா பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. ஓட்டை ஏதாவது இருந்தால் அவன் காதைத் திருகு.

துலாவை இங்கே வைத்துக்கொள்ள முடிந்தால் எப்போதோ கூட்டி வந்திருப்பேன். வேலைக்காரி அறையில் பிள்ளை இருக்கக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். உனக்குத் தெரியாததா?

அந்த யானைக் கதையைப் படித்து அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். அவளுக்கு ஒரு முத்தம் கொடு. மூவருக்கும் கொடு.

ஜெஸ்டினா


சோலோட்ஷோ
28 ஜூன் 1992

அன்புள்ள பாபாகசி,

நலம் விசாரிக்கிறேன். மாவு வந்தது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். காலையில் கூழ், சாயங்காலம் களி என்று இருந்தோம். இப்போது கூழ் மட்டும்.

அடிகுழாயைப் பிடுங்கிப் போட்ட ஒரு கிழட்டு யானையைக் காட்டிலாகாக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். கறி ஊருக்கு என்று சொன்னதும் ஊரே கத்தியும் வாளியுமாக ஓடியது. யானைக் குலமான நம் வீட்டில் மாமா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இழவு வீட்டில் உட்கார்வதுபோல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம மனுஷன் செத்துக் கெடக்காரு. கதவைச் சாத்தும்மா" என்றார்.

"பிள்ளைங்க பட்டினி கெடக்குதுங்களே மாமா."

"நம்மளை நாமளே தின்னா பல்லு போயிரும். பல்லு போனாக்கூடப் பரவால்ல, பேரு போயிரும்."

நான் சிங்க வீட்டுப் பெண், எனக்கு அந்தக் கறி ஆகும். ஆனால் இந்த வீட்டுச் சட்டியில் அது வேகக்கூடாது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் மட்டும் வெளியே போய்த் தின்றுவிட்டு வரவும் மனசில்லை. மாமோயோ அவள் முற்றத்தில் கறியைக் கீறிக் கீறிக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். காற்று இந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

துலா மெலிந்துவிட்டாள். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு மருத்துவச் சாவடியில் கடலைக் கஞ்சி தருகிறார்கள். அது சிபோவுக்குக் கிடைக்கிறது. தபெலோவுக்கும் துலாவுக்கும் கிடையாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கேட்கக்கூடாததுதான், மன்னியுங்கள். துலாவின் அப்பா எந்தக் குலம்? பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். எருமை, வரிக்குதிரை, குரங்கு, எதுவாகவும் இருக்கட்டும். மாமாவே வாய்விட்டுச் சொன்னார்: "அவ அப்பன் வீடு எதுன்னு தெரிஞ்சா அவங்க வழக்கப்படி தின்னட்டும், நான் தடுக்கல. தெரியாதவரைக்கும் எம் பேத்தி யானைதான்."

என் பிள்ளைகளுக்கு வழியில்லை, அவர்கள் முசாவின் பிள்ளைகள். உங்கள் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கலாம். ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்.

எஸ்நாத்


புலவாயோ
20 ஜூலை 1992

மாசிபண்டாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

என் வயிறு தெரிந்த அன்று அப்பா இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு என்னை அடித்தார். கம்பு ஒடிந்தது, நான் வாய் திறக்கவில்லை. நீ அப்போது புது மருமகள், சட்டி கழுவியபடி பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்குச் சொல்லாதவள் இன்றைக்குக் காகிதத்தில் எழுதுவேன் என்று எப்படி நினைத்தாய்?

எனக்குப் பரிசமாக மாடு ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றவன் எவனும் இல்லை. அதனால் என் பெண் என் அப்பாவின் பெயரைச் சுமக்கிறாள். அந்தப் பெயரைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் என்ன சொத்து இருக்கிறது? அதையும் ஒரு துண்டுக் கறிக்காகப் பிடுங்கச் சொல்கிறாயா? இன்றைக்கு அவள் தின்றால், நாளைக்குக் குழாயடியில் எல்லோரும் கேட்பார்கள், "அப்ப நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று. அவளுக்கு என்ன பதில் சொல்லித் தருவாய்?

கடைசியாகச் சொல்கிறேன். யானை வீட்டில் யாரும் யானை தின்ன வேண்டாம். மாவு கிடைத்ததும் அனுப்புகிறேன்.

கீழே இருப்பதைக் கிழித்துத் துலாவிடம் கொடு.

ஜெஸ்டினா

என் கண்ணு துலா, நீ யானை வீட்டுப் பெண். அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. என்ன பசித்தாலும் நம்மவர் கறியைத் தொடாதே. அம்மாவுக்குச் சத்தியம்.


சோலோட்ஷோ
16 ஆகஸ்ட் 1992

மதிப்பிற்குரிய பாபாகசி,

நலமா? நீங்கள் எழுதியது வந்து சேர்ந்தது. இனி கேட்க மாட்டேன்.

அந்தத் துண்டுக் காகிதத்தைத் துலாவிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள், மறுபடியும் படித்தாள். இப்போது அது அவள் கவுனின் மடிப்புக்குள் இருக்கிறது. குளிக்கப் போனால்கூட எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "பத்திரம் மாமி" என்கிறாள்.

நிவாரண லாரி ஒருமுறை வந்தது. மஞ்சள் சோளம், கப்பலில் வந்ததாம். மாமா முகர்ந்து பார்த்து, "இது மாட்டுக்குப் போடுறது" என்றார். அப்புறம் மூன்று கவளம் தின்றார்.

இன்னொரு யானை விழுந்தது. மாமோயோவின் கொடி மறுபடியும் நிறைந்திருக்கிறது. அவள் நல்லவள். இதயக் குலத்துக்காரி என்பதால் ஆடு அடித்த காலத்தில் இதயத்தை எனக்கே தருவாள். இப்போதும் வேலிக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்து, "வேணுமா?" என்று கண்ணால் கேட்கிறாள்.

என் தம்பி மெலுசி லுபானேயிலிருந்து சைக்கிளில் வந்திருந்தான். பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டான், மாதாகோயிலில் கல்யாணம் செய்து கொண்டவன், ஆனாலும் ஆள் அதே கூச்சக்காரன்தான். கொஞ்சம் மொச்சை கொண்டுவந்தான். துலாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள், இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டினிப் பிள்ளைகளைப் பார்த்தால் வாத்தியார்களுக்கு அப்படித்தான் போலும். எழுந்து மாமோயோவின் முற்றத்துக்குப் போய், ஒரு துண்டுக் கறி வாங்கி வந்து அவள் கையில் வைத்தான்.

"தின்னு தாயி. உனக்கு இது ஆகும்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் கையைத் தட்டிவிட்டேன். "பைத்தியமாடா உனக்கு? யானை வீட்டுப் பொண்ணு அவ. நம்ம வீட்டுப் புள்ளையா என்ன, நீ தின்னு திங்காதேன்னு சொல்ல?"

அவன் சைக்கிள் மணியைத் திருகிக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். உங்கள் வார்த்தையை நான் காப்பாற்றினேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தபெலோவுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. மாமா அவன் வாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஆறு வயசுப் பையனுக்குப் பல் விழாமல் என்ன செய்யும்?

பிள்ளைகள் இருவரும் கொஞ்சம் தேறியிருக்கிறார்கள்.

எஸ்நாத்


புலவாயோ
27 செப்டம்பர் 1992

மாசிபண்டாவுக்கு,

நலமா? நீ எழுதி வெகுநாள் ஆயிற்று, பதில் எழுதக் கை வரவில்லை.

முதலில் இது: உன் தம்பி இனி நம் வாசலை மிதிக்க வேண்டாம். பெண் கொடுத்த வீட்டுக்காரர் மரியாதையாகத் தூரத்தில் இருக்கட்டும். அந்த மணியைத் திருப்பி அனுப்பிவிடு. ஏன் என்று கேட்காதே.

இரண்டாவது. 'பிள்ளைகள் இருவரும்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் பிள்ளைகள் மூவர். மூன்றாவது பிள்ளை எப்படி இருக்கிறாள்? அந்த இருவரும் எதைத் தின்று தேறினார்கள்?

முதலாளியம்மாவிடம் விடுப்புக் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பேச்சே எடுக்காதே என்றாள். மறுபடியும் கேட்பேன்.

ஜெஸ்டினா


சோலோட்ஷோ
11 அக்டோபர் 1992

பாபாகசி,

நலம் விசாரிக்க நேரமில்லை.

கேட்டீர்கள், சொல்கிறேன். மாமோயோவின் அடுப்பில், அவள் சட்டியில், கறியை வேகவைத்துச் சாறு எடுத்தேன். எருமை என்று சொல்லித் தபெலோவுக்கும் சிபோவுக்கும் ஊட்டினேன். ஊட்டிக்கொண்டே இருக்கிறேன். பாவம் என்றால் அது என் தலையில் விழட்டும், என் பிள்ளைகள் கண்முன் வற்றிப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை. மாமாவிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

துலாவுக்கும் அதே கிண்ணத்தில்தான் வைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். முகர்ந்தாள், தள்ளி வைத்தாள்.

"எருமைடி கண்ணு."

"எருமை இல்ல மாமி. எனக்குத் தெரியும். தபெலோகிட்ட நான் சொல்ல மாட்டேன், அவன் குடிக்கட்டும்."

"நீயும் ஒரு வாய் குடி. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவனுக்கு அப்பா இருக்காரு. அவன் தின்னாலும் யானைதான். நான் தின்னா அப்புறம் நான் யாரு?"

எட்டு வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? ஒருநாள் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். வெளியே ஓடி விரலை விட்டு வாந்தி எடுத்துவிட்டு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காலும் முகமும் வீங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போவதில்லை. மணியை அனுப்பச் சொன்னீர்கள், அவள் கையிலிருந்து பிடுங்க எனக்குத் தெம்பில்லை. படுத்தபடி அதை அடித்து அடித்துப் பார்க்கிறாள்.

நீங்கள் எழுதினால்தான் கேட்பாள். குலத்தை எழுத வேண்டாம். காரணமும் வேண்டாம். 'தின்னு' என்று மட்டும் உங்கள் கையெழுத்தில் எழுதி அடுத்த பஸ்ஸில் அனுப்புங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

எஸ்நாத்


புலவாயோ
25 அக்டோபர் 1992

எஸ்நாத்,

உன் மேல் எனக்குக் கோபமில்லை. அப்பாவிடம் சொல்லவும் மாட்டேன். உன் பிள்ளைகள் குடிக்கட்டும்.

உட்கார்ந்து எழுதினேன், கிழித்தேன். மறுபடியும் எழுதிக் கிழித்தேன். 'தின்னு' என்று எழுதினால் அவள் என்ன கேட்பாள் என்று நீயே எழுதிவிட்டாயே. 'அப்ப நான் யாரு?' அதற்குப் பதில் தாளில் வந்தால் அவள் தாங்க மாட்டாள். மடியில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய பதில் அது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய பதில்.

வேலை போனால் போகட்டும் என்று சண்டை போட்டு விடுப்பு வாங்கிவிட்டேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அவளிடம் சொல், "அம்மா வர்றா, வந்ததும் நீ வயிறாரத் தின்னலாம்" என்று. அதுவரை எப்படியாவது பார்த்துக்கொள். இத்துடன் குளுக்கோஸ் அனுப்புகிறேன்.

சொல்லிவிடுகிறேன், எஸ்நாத். இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன்.

ஜெஸ்டினா


சோலோட்ஷோ
22 நவம்பர் 1992

பாபாகசி,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று பஸ் நடத்துநர் சொன்னார்.

அடக்கம் முடிந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போய்விட்டீர்கள். அவள் கடைசி நாட்களைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும்.

ரத்தபேதி ஊரெல்லாம் வந்தது. முதலில் தபெலோ படுத்தான், பிறகு சிபோ, பிறகு துலா. மூவரையும் தள்ளுவண்டியில் வைத்து மருத்துவச் சாவடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம், நானும் மாமோயோவும். என் இரண்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. துலா எழவில்லை. நர்ஸ் அவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எதிர்த்து நிக்க உடம்புல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாள். வியாழக்கிழமை பொழுது சாயுமுன் துலா போய்விட்டாள். நீங்கள் சனிக்கிழமை வந்து இறங்கினீர்கள்.

புதன்கிழமை நன்றாகப் பேசினாள். "அம்மா வந்து என்ன மாமி சொல்லப்போறாங்க?" என்றாள். "நீ தின்னலாம்னு சொல்லப்போறாங்க" என்றேன். "அப்ப வேற கறியா கொண்டு வர்றாங்க" என்று சிரித்தாள். அந்தத் துண்டு அவளோடேயே போயிற்று, கவுனின் மடிப்புக்குள். நான் எடுக்கவில்லை. மணி என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. குழிக்கரையில் மாமா குலப்புகழ் சொல்லி வழியனுப்பினாரே, "போய்ட்டு வா, தந்தம் சுமந்தவளே! பசியிலயும் பேரைக் காப்பாத்துனவளே! எங்க எல்லாரையும்விட நீதான்டி யானை!" என்று, அப்போது உங்கள் வாய் திறந்தது. எதிரே நின்ற நான் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்தீர்கள். மண் விழுந்த சத்தம் கேட்டதும் மூடிக்கொண்டீர்கள்.

என்னிடம் சொல்லிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இப்போதாவது சொல்லுங்கள்.

எஸ்நாத்


புலவாயோ
13 டிசம்பர் 1992

என் துலாவின் பாபாகசிக்கு,

பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. மேலே இருப்பதை மறுபடியும் படி.

அவளுக்கு நீ மாமி இல்லை. நீ அவள் அப்பாவோடு பிறந்தவள். உன் கல்யாணப் பேச்சுக்கு உங்கள் வீட்டு ஆட்களோடு மெலுசியும் வந்தான். கூச்சப்பட்டுக்கொண்டு மாட்டுப்பட்டி ஓரமாகவே நின்றான், நான்தான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். என்னைக் கெடுத்துவிட்டான் என்று நினைக்காதே. எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

நம் வழக்கத்தில் ஆகாத அந்த உறவை எப்படிச் சொல்வேன்? எங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரன் எங்கள் வீட்டிலேயே பெண் எடுத்தால், யார் யாருக்கு மாமனார், யார் யாருக்கு மண்டியிடுவது? அப்பா தெரிந்துகொண்டிருந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டு, உனக்குப் பரிசமாகக் கொடுத்த மாட்டையெல்லாம் ஓட்டி வந்திருப்பார். முசா உன்மேல் உயிராக இருந்தான். நீ ஒன்றும் தெரியாமல் சட்டி கழுவிக்கொண்டிருந்தாய். அடி விழ விழ உன்னைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டேன். உனக்காக மட்டும்தான் என்று சொன்னால் பொய். வெட்கமும் இருந்தது. வருஷம் போகப் போக அந்த வாய் அப்படியே பூட்டிக்கொண்டது.

ஜூன் மாதம் நீ கேட்டாய். சிங்கம் என்று எழுத எவ்வளவு மை ஆகும்? நான் துண்டு எழுதி அவள் வாயையும் பூட்டினேன். என் பிள்ளையை நானே கொன்றேன், எஸ்நாத். வேறு யார் பெயரையும் இதில் சேர்க்காதே.

இதை அப்பாவிடம் காட்டுவதும் எரிப்பதும் உன் இஷ்டம். பாபாகசிக்குத்தான் அந்த உரிமை.

ஜெஸ்டினா


சோலோட்ஷோ
17 ஜனவரி 1993

ஜெஸ்டினா அக்காவுக்கு,

நீங்கள் நலமில்லை என்று தெரியும். நாங்களும் அப்படித்தான். மழை வந்துவிட்டது. நன்றாகப் பெய்கிறது. சோளம் இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, உங்களை என் வாயில் வந்த வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒரு சொல், அக்கா. ஒரே ஒரு சொல். என்னைத் திருப்பி அனுப்பினால் அனுப்பியிருக்கட்டுமே! இரண்டு பிள்ளைகளோடு அவளையும் கூட்டிக்கொண்டு என் அப்பா வீட்டுக்கு நடந்தே போயிருப்பேனே. அங்கே எந்த அடுப்பிலும் எந்தக் கறியும் வேகலாம், ஒரு சிங்கத்தைத் தவிர. எனக்காக என்று சொல்கிறீர்கள். என்னைக் கேட்டீர்களா?

திட்டி முடித்தபோது மெலுசியின் கை நினைவுக்கு வந்தது. கறியோடு நீட்டிய கை. பெற்றவன் தன் பிள்ளைக்குச் சோறு கொடுத்தான், நான் தட்டிவிட்டேன். 'நம்ம வீட்டுப் புள்ளையா என்ன' என்று கேட்டேன். அதைக் கேட்ட பிறகும் வாயைத் திறக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனானே, அவனை நான் இனி எப்படித் தம்பி என்று கூப்பிடுவேன்? அவனுக்குச் சொல்லி அனுப்பினேன், அவள் போய்விட்டாள் என்று. பதில் இல்லை.

காலையில் தனியாக அவளிடம் போனேன். மழையில் மண் அமுங்கியிருக்கிறது, மேலே புல் முளைத்திருக்கிறது. பெண்ணாய்ப் பிறந்த அப்பா நான்தானே, சொல்ல வேண்டிய கடமை என்னுடையது. மணியை அடித்தேன். "எழுந்து வாடி, சிங்க வீட்டுப் பொண்ணே. நான் உன் பாபாகசி வந்திருக்கேன். நீ எதை வேணும்னாலும் தின்னலாம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கேட்க வேண்டியவளைத் தவிர யாரும் அங்கே இல்லை.

மாமாவிடம் சொல்லத்தான் திரும்பி வந்தேன். அவர் வாசலில் யாரோ விருந்தாளியை உட்காரவைத்து, "எம் பேத்தி ஒருத்தி இருந்தா. உசிரை விட்டா, குலத்தை விடல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே சொன்னார். பெருமையாகவும் இருந்தது அவருக்கு. என் வாய் திறந்தது. திறந்தபடியே கொஞ்சநேரம் நின்றேன், அப்புறம் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உங்களுக்கு எப்படிப் பூட்டிக்கொண்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

தபெலோவுக்குப் பல் முளைத்துவிட்டது. மாமா அவனை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. தப்பா எதையும் திங்கல இவன். இவனும் அவளை மாதிரிதான்."

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு இனி நான் என்ன உறவு என்று தெரியவில்லை. என் பிள்ளைகளுக்கு நீங்கள் அப்பா. உங்கள் பிள்ளைக்கு நான் அப்பாவாக இருந்தேன், தெரியாமல் இருந்தேன். விடுப்புக் கிடைத்தால் வாருங்கள். சோளம் முற்றிவிடும்.

துலாவின் பாபாகசி,
எஸ்நாத்